நம் தெருவில் ஓர் அந்நியர்



புதிய ஊரொன்றில் முதன்முதலாகக் கால் வைக்கும் மனிதனுக்குக் கண்கள் ஓய்வதில்லை. கடைவீதியும் கோபுரமும், மக்கள் உடுத்தும் உடையும் உண்ணும் உணவும், புரியாத மொழியின் ஓசையும் அவனை வியப்பில் ஆழ்த்துகின்றன. அவன் ஊரைப் பார்க்கிறான். அதே வேளையில் ஊரும் அவனைப் பார்க்கிறது. தாம் கண்ட ஊரை வியந்து எழுதி வைத்த பயணிகள் ஏராளம். அந்த ஊரின் கண்களில் தாம் எப்படித் தெரிகிறோம் என்று எண்ணிப் பார்த்தவர்களோ மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் நம் மதுரை மாநகரின் தெருக்களில் நடந்தவர்.

1606ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இருபத்தொன்பது வயதுடைய இத்தாலியக் குரு ஒருவர் மதுரைக்கு வந்து சேர்ந்தார். 1577இல் உரோமையில் உயர்குடியில் பிறந்து, சேசு சபையில் சேர்ந்து, 1605இல் கோவாவில் வந்திறங்கி, முத்துக்குளித்துறையில் சில மாதங்கள் தமிழ் பயின்ற இராபர்ட் தெ நொபிலி அடிகளாரே அவர். அவர் கண்ட மதுரையில் திருமலை நாயக்கர் மகால் இல்லை. அம்மன்னர் அரியணை ஏறியதே 1623இல்தான். இன்றைய வெளிவீதிகளும் அன்று இல்லை. அவ்விடத்தில் கோட்டை மதிலும் அகழியும் சூழ்ந்திருந்தன. 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் மதில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்ட பின்னரே அத்தெருக்கள் தோன்றின. ஆனால் மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து, சதுரத்துக்குள் சதுரமாகத் தெருக்கள் அமைந்த நகரத்தின் அமைப்பு நாம் இன்று காண்பதேயாகும்.

அந்நகரத்தில் அவருக்கு முன்பே, பத்தாண்டுகளுக்கும் மேலாக, கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துக்கீசியக் குரு பணியாற்றி வந்தார். வாணிகத்தின் பொருட்டு மதுரைக்கு வந்த பரதவக் கிறிஸ்தவர்களுக்கு அவர் மேய்ப்பர். பள்ளி நடத்தினார்; பிணியாளருக்கு மருந்தளித்தார். அவர் நல்லவர் என்பதை ஊரார் அறிந்திருந்தனர். ஆயினும் நகரத்தாருள் எவரும் திருமுழுக்குப் பெற முன்வரவில்லை. காரணம் என்ன?

நொபிலி அடிகளார் விடையைத் தெருவில் கண்டார். கறுப்பு அங்கியும் தோல் காலணியும் அணிந்து வந்த வெள்ளையரை மக்கள் ஒரே சொல்லால் அழைத்தனர்: பரங்கி. மாட்டிறைச்சி உண்பவன், மது அருந்துபவன், நீராடாதவன், தாழ்ந்தவன் என்னும் பொருளெல்லாம் அச்சொல்லுக்குள் அடங்கியிருந்தன. கிறிஸ்தவம் என்பதும் பரங்கிகளின் குலம் என்றே மக்களுக்குத் தோன்றிற்று. நற்செய்தியைக் கேட்பதற்கு முன்பே, அதைச் சொல்ல வந்தவரின் மீது ஒரு பெயர் திரைபோல் விழுந்துவிட்டது. ஒரு சொல்லுக்கு எத்துணை வலிமை!

இதைக் கண்ட அடிகளார் ஊரைக் குறை கூறவில்லை. தம் உடையையும் உணவையும் உறைவிடத்தையும் மாற்றிக்கொண்டார். காவியுடை தரித்தார், மரப் பாதுகை அணிந்தார், எளிய மண் வீட்டில் குடியிருந்து, சோறும் காய்கறியுமாக ஒரு வேளை உண்டார். ஒரு பள்ளியாசிரியரிடம் தமிழும், சிவதருமர் என்னும் அந்தணரிடம் வடமொழியும் கற்றார். கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராக அமர்ந்தார். 1610இல் எழுதிய மடலொன்றில், மதுரையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கல்வி பயில்வதாக அவர் வியந்து குறிப்பிடுகிறார். நான்கே ஆண்டுகளில் அந்நிய நகரம் அவருக்குக் கல்வி நகரமாகிவிட்டது. தத்துவ போதகர் என்னும் பெயரோடு தமிழ் உரைநடைக்கு அவர் ஆற்றிய தொண்டு நாம் அறிந்ததே. இம்முறையை எதிர்த்துத் திருச்சபைக்குள்ளேயே வழக்கு எழுந்தது. 1623 ஜனவரி 31ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அடிகளாருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்.

ஆனால் இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உயர் குலத்தார் தெருவில் இடம்பெற விரும்பியவர், அத்தெருவுக்குள் அனுமதிக்கப்படாத மக்களோடு நெருங்கிப் பழக இயலாதவரானார். 1640இல் பல்தசார் தா கோஸ்தா அடிகளார் பண்டாரசாமியாகப் பணி தொடங்கிய பின்னரே அம்மக்களை நாடிச் செல்லும் தனி வழி பிறந்தது. அதுவும் பிரிவினையைப் போக்கவில்லை. தெருவின் வேறுபாடு கோவிலுக்குள்ளும், சில இடங்களில் கல்லறைக்குள்ளும்கூட நுழைந்தது. அந்தப் பாவத்தின் எச்சத்தை இன்னும் நம்மிடமிருந்து முற்றிலும் கழுவினோம் என்று சொல்ல யாருக்குத் துணிவு உண்டு?

இப்பொழுது நம் தெருவுக்கு வருவோம். இன்று மதுரை இரயில் நிலையத்தில், முதுகில் ஒரு பையோடு இறங்கி விழிக்கும் இளைஞர்களைப் பார்க்கிறோம். பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். நம் வீடுகளுக்குச் செங்கல் சுமக்கிறார்கள்; உணவகங்களில் மேசை துடைக்கிறார்கள். பெயர்ப் பலகையைப் படிக்கத் தெரியாமல், பேருந்தின் நிறத்தையும் எண்ணையும் கொண்டு வழி கண்டுபிடிக்கிறார்கள். அவர்களை நாம் எப்பெயரால் அழைக்கிறோம்? "வடக்கன்" என்று நாம் இகழ்ச்சியாகச் சொல்லும்போது, நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒலித்த "பரங்கி" என்னும் சொல் வேறு உருவில் நம் நாவில் ஏறிக்கொள்கிறது. நம் குடும்பங்களிலிருந்து துபாய்க்கும் குவைத்துக்கும் பிழைக்கச் சென்ற பிள்ளைகளை அங்குள்ளோர் அப்படி அழைத்தால் நம் உள்ளம் கொதிக்காதா?

இந்த மதுரையோ வந்தவரை வாழவைத்த ஊர். பட்டு நெய்ய வந்த சௌராட்டிர மக்கள் வீட்டில் தம் மொழியைக் காத்துக்கொண்டே இங்கு வேரூன்றினர். தமிழர் அனைவரும் தம் சொந்தக் குரலாகக் கொண்டாடும் டி. எம். சௌந்தரராசன் அவர்கள் அச்சமூகத்தில், இம்மதுரையில் பிறந்தவரே. நேற்று வந்தவரின் பேரப்பிள்ளைகள் நாளை நம் பெருமையாகலாம்.

கத்தோலிக்கராகிய நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. ஜார்க்கண்டின் சோட்டா நாக்பூர் பகுதியில் முண்டா, ஒராவோன் பழங்குடியினரிடையே 1880களில் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அடிகளார் விதைத்த விசுவாசம் இன்று பெரிய திருச்சபையாக வளர்ந்திருக்கிறது. அங்கிருந்து பிழைப்புத் தேடி வரும் இளைஞர்களுள் நம் விசுவாசத்தினர் உண்டு. ஞாயிறு திருப்பலியில் கடைசித் தூணருகே நின்று, மறையுரை புரியாவிட்டாலும் சிலுவை அடையாளம் வரைந்து, நற்கருணை பெற்றுத் தலைகுனிந்து வெளியேறும் அந்த இளைஞன் யார் என்று நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? மொழி தெரியாது என்பது சாக்காகாது. பெயர் கேட்க மொழி வேண்டியதில்லை; புன்னகையே போதும்.

உயிர்த்த ஆண்டவர் எம்மாவு வழியில் நடந்தபோது, சீடர் இருவரும் அவரை எருசலேமில் நடந்தது எதுவும் அறியாத வெளியூரார் என்றே எண்ணினர். ஆயினும் பொழுது சாயும் வேளையில் அவரைத் தனியே போகவிடவில்லை. தங்கும்படி வற்புறுத்தி அழைத்தனர். அப்பம் பிட்ட வேளையில் அவர்களுடைய கண்கள் திறந்தன. அந்த அழைப்பு இல்லாதிருந்தால் ஆண்டவர் அவ்வழியே கடந்து சென்றிருப்பார். அவரோடு நடந்தும் அவர்கள் அவரை அறியாமலே போயிருப்பர்.

ஆகவே, பெற்றோரே, பிள்ளைகள் கேட்க அந்த இகழ்ச்சிச் சொல்லைச் சொல்லாதீர்கள். வீடு கட்டுவோரே, பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடுங்கள். வீட்டை வாடகைக்கு விடுவோரே, மொழியைக் காரணம் காட்டிக் கதவை அடைக்காதீர்கள். அன்பியத்தாரே, உங்கள் தெருவில் தங்கியிருக்கும் வெளிமாநிலத்தார் எத்தனை பேர் என்று இம்மாதக் கூட்டத்தில் கணக்கெடுங்கள். அவர்களுள் நம் விசுவாசத்தினர் இருப்பின், விசுவாசிகளின் மன்றாட்டில் ஒன்றையேனும் அவர்கள் மொழியில் சொல்லச் செய்யுங்கள். கிறிஸ்து பிறப்பு நாளன்று அவர்களுக்கும் ஓர் இலை போடுங்கள்.

நம் தெருவைப் பற்றி அந்த இளைஞன் தன் தாய்க்குத் தொலைபேசியில் என்ன சொல்லப் போகிறான்? அதை இன்று முடிவு செய்கிறவர்கள் நாமே.