இரை போட்டு வாங்கும் நட்பு

வெப்பமண்டலக் கடலில் பாய்மரப் படகில் செல்வோருக்கு டோல்பின்களின் துணை அடிக்கடி கிடைக்கும். படகின் முன்முனை நீரைத் தள்ளும்போது அங்கே ஓர் அழுத்த அலை உருவாகிறது. டோல்பின்கள் அந்த அலையின் உந்துதலில், அதிகம் களைப்படையாமல் படகோடு சேர்ந்து நீந்துகின்றன. அவற்றை யாரும் அழைப்பதில்லை, இரை போடுவதுமில்லை. விருப்பம் தீர்ந்ததும் தாமே விலகிச் செல்கின்றன. மாலுமிகள் இதை நட்பு என்று சொன்னால், அதில் தவறில்லை.

லங்காவியில் நடப்பதோ வேறு. யுனெஸ்கோ 2007இல் புவிப்பூங்காவாக ஏற்றுக்கொண்ட இத்தீவுகளில், கிலிம் ஆற்றின் சதுப்புநிலக் காடுகள் புகழ்பெற்றவை. அங்குச் சுற்றுலாப் படகுகளிலிருந்து கோழித்தோலையும் குடலையும் நீரில் வீசிச் செம்பருந்துகளை வரவழைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பருந்துகள் கூட்டமாகப் பாய்ந்து வருவது கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால், கோழித்தோலில் கொழுப்பு அதிகம். மீனும் நண்டும் தேடித் தின்னும் பறவைக்கு அது ஏற்ற உணவன்று. குவா நகரில் செம்பருந்துக்கு மாபெரும் சிலை எழுப்பிய தீவு, உயிருள்ள பருந்துக்குக் கோழிக்கழிவைக் கொடுப்பது வேடிக்கைதான்!

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் சுற்றுலாப் படகுகள் நின்றுபோயின. வேட்டையை மறந்து, இயந்திர ஒலிக்குக் காத்திருக்கப் பழகிய பறவை அத்தகைய நாளில் எதை உண்ணும்?

படகோட்டிகளின் பிழைப்பையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு இரை தேவையில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சற்றுப் பொறுத்திருந்தால், செம்பருந்து தாழப் பறந்து நீரிலிருந்து மீனைப் பற்றிச் செல்வதைக் காணலாம். அதைக் காணவும் பயணிகள் பணம் தருவார்கள்.