ஏழைக்கு அடையாளச் சோதனை, மூலதனத்துக்கு முகமூடி

“உங்கள் கே.ஒய்.சி. காலாவதியாகிவிட்டது. உடனே புதுப்பிக்காவிடில் கணக்கு முடக்கப்படும்.” கடந்த சில ஆண்டுகளில் இந்தக் குறுஞ்செய்தி சென்று சேராத கைப்பேசி நாட்டில் அரிது. அதை அனுப்பியது வங்கியாக இருக்கலாம். மின்பணப்பை நடத்தும் நிறுவனமாக இருக்கலாம். மோசடிக் கும்பலாகவும் இருக்கலாம். படித்தவரும் பதறிப்போய் அதிலுள்ள இணைப்பை அழுத்திவிடுகிறார். அச்சுறுத்தலின் மொழி அரசுக்கும் வங்கிக்கும் திருடனுக்கும் ஒன்றாகவே இருப்பதால்தான் இந்த மோசடி இவ்வளவு எளிதில் பலிக்கிறது.

இதை ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்றோ, நடுத்தர வர்க்கத்தின் தலைவலி என்றோ நம்மில் சிலர் கருதுகிறார்கள். அந்தக் கருத்து தவறு. தன் சொந்தப் பணத்தைத் தொடுவதற்கு உழைப்பாளி யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பது வர்க்கப் பிரச்சனை.

சொல்லிலேயே இருக்கும் செய்தி

கே.ஒய்.சி. என்பது ‘உங்கள் வாடிக்கையாளரை அறிந்துகொள்ளுங்கள்’ என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். கட்சி ஆவணங்களை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு, இத்தொடர் எதிர்ப்படும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும். இந்த ஏவல் யாரை நோக்கியது? வங்கியை நோக்கியது. 2002ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம், வாடிக்கையாளர் யார் என்பதைச் சரிபார்க்கும் கடமையை நிதி நிறுவனத்தின்மீதே சுமத்துகிறது. நடைமுறையிலோ கடமை தலைகீழாகிவிட்டது. வங்கி செய்யத் தவறினாலும் முடக்கப்படுவது வாடிக்கையாளரின் கணக்கு. வங்கியின் சர்வர் வேலை செய்யாவிட்டாலும் ஒரு நாள் கூலியை இழப்பவர் வாடிக்கையாளர். எழுவாய் தப்பித்துக்கொண்டது, செயப்படுபொருள் தண்டிக்கப்படுகிறது.

இழுத்தவர்களும் பூட்டியவர்களும்

2016 நவம்பர் 8 இரவு, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 விழுக்காட்டை மோடி அரசு செல்லாக்காசாக்கியது. அடுத்த ஓரிரு நாளில் பிரதமரின் படத்துடன் பேடிஎம் நிறுவனத்தின் முழுப்பக்க விளம்பரங்கள் நாளேடுகளில் வெளிவந்தன. கறுப்புப் பணம் ஒழியும் என்றார்கள். செல்லாது என அறிவிக்கப்பட்ட நோட்டுகளில் 99.3 விழுக்காடு வங்கிக்குத் திரும்பிவிட்டதாக 2018இல் ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கையே கூறியது. கறுப்புப் பணம் ஒழியவில்லை. ரொக்கத்தில் வாழ்ந்த சிறு வியாபாரியும் ஆட்டோ ஓட்டுநரும் வேறு வழியின்றி மின்பணப்பைக்குள் தள்ளப்பட்டதுதான் நடந்தது.

உள்ளே தள்ளியபின் கதவுக்குப் பூட்டுப் போடப்பட்டது. 2017 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, முழு அடையாளச் சோதனை முடிக்காத மின்பணப்பையில் 10,000 ரூபாய்க்கு மேல் இருக்கக்கூடாது. அதிலிருந்து பொருள் வாங்கலாம், பிறருக்குப் பணம் அனுப்ப முடியாது. குறிப்பிட்ட காலத்துக்குள் முழுச் சோதனையை முடிக்க வேண்டும் என்ற கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு 2020 பிப்ரவரி வரை வந்தது. தில்லியிலும் சூரத்திலும் வேலை செய்துகொண்டு, ஊரிலிருக்கும் தாய்க்கு மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ அனுப்பும் தொழிலாளிக்கு இது என்ன பொருள் தரும் என்று எண்ணிப்பாருங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

நீதிமன்றம் அடைத்த வழியும் அரசு திறந்த வழியும்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பர் 26 அன்று, ஆதார் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பு ஆதார் திட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட பகுதியை நீக்கியது. வங்கிக் கணக்கையும் கைப்பேசி எண்ணையும் ஆதாருடன் கட்டாயமாக இணைப்பதையும் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பின் மை உலர்வதற்குள் 2019இல் அரசு சட்டத்தைத் திருத்தியது. ‘வாடிக்கையாளர் தாமாக விரும்பி’ ஆதாரைத் தரலாம் என்ற சொற்றொடர் உள்ளே நுழைந்தது. வேறு ஆவணம் கேட்டால் வாரக்கணக்கில் அலையவிடுவது, ஆதார் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடிப்பது. இதற்குப் பெயர் விருப்பம்!

அந்த ‘விருப்பம்’ எப்படிப் பெறப்படுகிறது என்பதற்கு ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியின் கதை போதும். 2017இல் கைப்பேசி எண்ணைச் சரிபார்க்க விரல் ரேகை கொடுத்தவர்களின் பெயரில், அவர்களுடைய தெளிவான ஒப்புதல் இல்லாமலே வங்கிக் கணக்குகள் தொடங்கப்பட்டன. சமையல் எரிவாயு மானியம், உரியவர் அறியாமலே அக்கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 23 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மானியம் இவ்வாறு திசைமாறியதாக அன்று செய்திகள் வெளியாயின. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி விதித்த அபராதம் 5 கோடி ரூபாய். ஏழையின் ஆவணத்தில் ஓரெழுத்து மாறினால் கணக்கே முடங்கும். பெருநிறுவனம் லட்சக்கணக்கானோரின் ஒப்புதலைத் திருடினால் சில்லறை அபராதம்.

முடக்கப்படுவது யார்?

2014இல் ஆரவாரத்துடன் தொடங்கப்பட்ட ஜன் தன் திட்டத்தில் 50 கோடிக்கு மேற்பட்ட கணக்குகள் இருப்பதாக அரசு பெருமையடிக்கிறது. பத்தாண்டுகள் கடந்ததும் அக்கணக்குகளுக்கு மீண்டும் அடையாளச் சோதனை என்ற கட்டம் வந்தது. அரசின் நலத்திட்டப் பணம் வருவதற்காகத் திறக்கப்பட்ட கணக்குகளிலும் ஜன் தன் கணக்குகளிலும்தான் புதுப்பித்தல் பெருமளவில் தேங்கியிருக்கிறது என்பதை 2025 ஜூனில் ரிசர்வ் வங்கியே ஒப்புக்கொண்டது. முதியோர் ஓய்வூதியம், உதவித்தொகை, ஊரக வேலைக் கூலி அனைத்தும் இந்தக் கணக்குகளில்தான் வந்து விழுகின்றன. கணக்கு முடங்கினால் நலத்திட்டம் காகிதத்தில் மட்டும் உயிர்வாழும்.

கல்லுடைத்தும் களையெடுத்தும் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி ஏற்பதில்லை. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்துக்கூட்டல், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது. திருமணமாகி ஊர் மாறிய பெண்ணுக்கு முகவரி இல்லை. வாடகை ஒப்பந்தமே கண்டிராத புலம்பெயர் தொழிலாளியிடம் இருப்பிடச் சான்று கேட்கப்படுகிறது.

இதன் கொடுமை எல்லைவரை சென்றதை உச்ச நீதிமன்றமே பதிவுசெய்துள்ளது. இணையவழிச் சோதனையில், உயிருள்ள மனிதர்தான் எதிரில் இருக்கிறார் என்று மெய்ப்பிக்கக் கண்ணைச் சிமிட்டும்படி செயலி கேட்கிறது. அமில வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? பார்வையற்றவர் திரையின் நடுவில் முகத்தை எப்படி நிறுத்துவார்? பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில், நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, 20 வழிகாட்டுதல்களை வழங்கியது. அமில வீச்சிலிருந்து தப்பிப் பிழைத்தவர், தான் உயிருடன் இருப்பதை ஒரு செயலிக்கு மெய்ப்பிக்க உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது என்பதுதான் ‘டிஜிட்டல் இந்தியா’.

அறியப்படாத வாடிக்கையாளர்கள்

பயங்கரவாதத்துக்கும் கறுப்புப் பணத்துக்கும் எதிராக இது தேவை என்பது ஆட்சியாளர்களின் வாதம். அப்படியானால் பெரும்பணம் நகரும் இடத்தில் இந்தக் கண்டிப்பு எங்கே?

தேர்தல் பத்திரத் திட்டத்தில் பாரத ஸ்டேட் வங்கி, பத்திரம் வாங்கியவரின் அடையாளத்தைச் சரிபார்த்தது. ஆனால் வாங்கியவர் யார், எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்பதைக் குடிமக்கள் அறியச் சட்டமே தடைபோட்டது. 16,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பத்திரங்கள் இவ்வாறு விற்கப்பட்டன. மார்க்சிஸ்ட் கட்சி உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை ரத்து செய்தது. அதன்பிறகும் விவரங்களை வெளியிட ஜூன் மாத இறுதிவரை அவகாசம் கேட்டு ஸ்டேட் வங்கி நீதிமன்றத்தை அணுகியதை மறந்துவிட முடியாது. நூறு நாள் வேலைத் தொழிலாளியின் விவரம் நொடியில் வேண்டும்; கோடீசுவரரின் விவரத்துக்கு மாதங்கள் வேண்டும்.

மற்றொன்று. அதானி குழுமம் தொடர்பாக உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, 2023 மே மாதம் வெளியான அறிக்கையில், 13 வெளிநாட்டு நிறுவனங்களின் இறுதி உரிமையாளர் யார் என்பதை அறிய ‘செபி’ 2020 அக்டோபர் முதல் முயன்றும் அறிய முடியவில்லை எனக் குறிப்பிட்டது. ஒளிவுமறைவான கட்டமைப்பு கொண்ட நிறுவனங்களைக் கட்டுப்படுத்திய விதியை இடையில் நீக்கியதும் அதே ‘செபி’தான். பத்தாயிரம் ரூபாய்ப் பணப்பைக்கு விரல் ரேகை, கண்பாவை, முகம். பங்குச் சந்தையில் புரளும் அந்நியப் பணத்துக்கு முகமே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வித்தையை மூலதனத்துக்கு அரசே கற்றுக்கொடுக்கிறது.

உலக அளவிலும் கதை இதுதான். இந்த விதிகளுக்கெல்லாம் மூலமான எஃப்.ஏ.டி.எஃப். என்னும் அமைப்பை 1989இல் பாரிஸ் மாநாட்டில் உருவாக்கியவை ஜி-7 நாடுகள். வரி ஏய்ப்போரின் சொர்க்கங்களான கேமன் தீவுகளும் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளும் அந்த ஜி-7இல் ஒன்றான பிரிட்டனின் ஆளுகையில் இருப்பவைதாம்.

மோசடியாவது குறைந்ததா? திருடிய பணத்தைக் கைமாற்றப் பயன்படும் வாடகைக் கணக்குகளும் ‘அடையாளச் சோதனை முடித்த’ கணக்குகளே. வறியவரின் பெயரில், அவருக்குச் சில ஆயிரங்களைக் கொடுத்துத் திறக்கப்படுபவை அவை. வழக்கு வந்தால் சிறைக்குப் போவது அவர். விதிகளை நடைமுறைப்படுத்த வேண்டிய நிறுவனங்களின் நிலையோ இன்னும் மோசம். பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்க 2022 மார்ச்சில் தடை; 2023 அக்டோபரில் அடையாளச் சோதனை உள்ளிட்ட விதிமீறல்களுக்காக 5.39 கோடி ரூபாய் அபராதம். 2024 மார்ச் 15க்குப்பின் புதிய வைப்பு ஏற்கவே தடை. பிரதமரின் படத்தோடு விளம்பரம் செய்த குழுமத்தின் வங்கி வாடிக்கையாளரை ‘அறிந்த’ இலட்சணம் இது!

தோழர்களுக்கு இரண்டு சொற்கள்

கறுப்புப் பணத்துக்கு எதிராகப் பேசும் நாம் அடையாளச் சோதனையை எதிர்க்கலாமா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அடையாளம் கேட்பதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. தொகைக்கும் ஆபத்துக்கும் ஏற்ப அளவோடு கேட்க வேண்டும். மேலிருந்து தொடங்க வேண்டும் என்கிறோம். இறுதி உரிமையாளரைக் காட்டாத நிறுவனப் பணம் நாட்டுக்குள் நுழையக்கூடாது என்று முழங்குவதும், விதவை ஓய்வூதியக் கணக்கு முடக்கப்படக்கூடாது என்று போராடுவதும் ஒரே கொள்கையின் இரு முகங்கள்.

இன்னும் சிலர், ரொக்கத்துக்குத் திரும்பிவிடலாம் என்கிறார்கள். கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்ப நம்மால் இயலாது. யு.பி.ஐ. பரிவர்த்தனைகளில் சுமார் எண்பது விழுக்காடு வால்மார்ட்டுக்குச் சொந்தமான போன்பே, கூகுள் பே ஆகிய இரண்டின் வழியே நடக்கிறது. ஒரு செயலிக்கு 30 விழுக்காடு உச்சவரம்பு என்று 2020இல் அறிவித்தவர்கள், அதை 2026 இறுதிவரை தள்ளிவைத்திருக்கிறார்கள். பொதுமக்களின் பணப் போக்குவரத்து பொதுத்துறையின் பொறுப்பில், பொதுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கையாக இருக்க முடியும்.

உடனடியாகக் கிளைகள் செய்யக்கூடியவையும் உண்டு. இருக்கும் விதிகளிலேயே மக்களுக்குச் சாதகமானவை உள்ளன. கவுண்டரில் அவற்றை யாரும் சொல்வதில்லை. விவரங்களில் மாற்றம் இல்லையெனில் சுய அறிவிப்பே போதும். புதிய ஆவணம் தேவையில்லை. ஆதார் முகவரியும் இப்போதைய முகவரியும் வேறாக இருந்தாலும் அதற்கும் சுய அறிவிப்பு போதும். கெடு முடிவதற்கு முன் மூன்று முறை, அவற்றில் ஒருமுறையாவது கடிதம் மூலம், வங்கி அறிவிக்க வேண்டும். கெடு கடந்தபின்னும் அவ்வாறே மூன்று நினைவூட்டல்கள் தர வேண்டும். விண்ணப்பத்தை நிராகரித்தால் அதிகாரி காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும். இவற்றைத் துண்டறிக்கையாக்கி மக்களிடம் கொண்டு செல்வோம். கணக்கு முடக்கப்பட்டவர்களைத் திரட்டி வங்கி மேலாளரிடம் எழுத்துபூர்வமான காரணம் கேட்போம்.

கூடவே நமது கோரிக்கைகளை உரக்க எழுப்புவோம்: நலத்திட்டப் பணம் வரும் கணக்குகளை எக்காரணம் கொண்டும் முடக்காதே! தவறான முடக்கத்துக்கு வங்கியிடமிருந்து இழப்பீடு பெற்றுத் தா! வாடிக்கையாளரின் விவரத்தை வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கு! கிராமப்புற வங்கிக் கிளைகளில் காலிப் பணியிடங்களை நிரப்பு! நிறுவனங்களின் இறுதி உரிமையாளர் பட்டியலை மக்கள் பார்வைக்கு வை!

உழைப்பவரை இந்த அரசு அங்குலம் அங்குலமாக அளந்து அறிந்து வைத்திருக்கிறது. உழைப்பைச் சுரண்டுபவர் யார், அவர் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை அறியும் உரிமை உழைப்பவருக்கு வேண்டும். அந்த உரிமைக்கான போராட்டத்தில் வங்கிக் கவுண்டரும் நமது களமாகட்டும்.