பழைய பாய்: தைக்கலாமா, மாற்றலாமா?

சின்னப் பாய்மரப் படகு வைத்திருக்கிறீர்களா? பாய் பழசானதும் புதுசு வாங்க ஓடாதீர்கள். முதலில் இந்த மூன்றையும் பாருங்கள்.

நூல்: பெரும்பாலான பாய்கள் டெக்ரான் எனும் பாலியெஸ்டர் துணி. வெயிலில் பெரும்பாலும் தையல் நூல்தான் முதலில் இற்றுப்போகும். நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் மட்டும் பொடிந்து வந்தால், மறுதையல் போதும்.

துணி: லேசாக இழுத்தாலே கிழிகிறதா? ஒட்டுப் போட்டாலும் பக்கத்தில் கிழியும். மாற்றிவிடுங்கள்.

வடிவம்: துணி தளர்ந்து பைபோல உப்பினால், படகு அதிகம் சாயும், காற்றை எதிர்த்துச் சரியாக ஏறாது. கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும் நாளில், வீடு திரும்புவதே திணறலாகிவிடும். இங்கே சிக்கனம் வேண்டாம்!

எந்தப் பாயானாலும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சுருட்டி வையுங்கள். வாஷிங் மெஷின் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.