மணம் அறியாதவர் என்று யார் சொன்னது?

நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குலையும் மறதிநோயில் முகர்வுத்திறன் முன்னதாகவே மங்கிவிடுவதால், பழகிய மணங்களைக் கொண்டு நோயாளருக்குத் துணைசெய்வது வீண் என்னும் வாதம் பாதி உண்மையை முழு முடிவாக நீட்டுகிறது. அல்சைமர் நோயில் நரம்பணுக்களுக்குள் சேரும் புரதச் சிக்கல்கள், முகர்வுச் செய்தியும் நினைவும் சந்திக்கும் மூளைப்பகுதியை ஒட்டியே தொடங்குகின்றன என்று 1991இல் மூளை ஆய்வாளர்களான பிராக் தம்பதியர் காட்டியதை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் மணத்தின் பெயரைச் சொல்ல இயலாமை வேறு, அம்மணத்துக்கு மனம் இசைவது வேறு. முகர்வுச் செய்தி, தலாமஸ் என்னும் இடைநிலையத்தைக் கடக்காமலே உணர்ச்சிக்குரிய அமிக்டலாவை எட்டக்கூடியது என்பதால், பெயர்ச்சோதனையில் தவறியவரை மணமே அறியாதவர் என்று தள்ளுவது பெரும்பிழை.

எதிர்த்தரப்பு சுட்டும் ஆய்வுகளும் இங்குப் பொருந்தா. 2002இல் 72 பேரிடம் நடந்த ஆய்வில் மெலிசா மூலிகை எண்ணெய் மனக்கொந்தளிப்பைத் தணித்ததும், 2011இல் வெளிவந்த ஆய்வு அதை உறுதிசெய்யாததும் மெய்யே. ஆனால் அங்கே சோதிக்கப்பட்டது எண்ணெயின் மருந்தாற்றலேயன்றி, ஒருவருடைய வாழ்க்கையோடு ஒட்டிய மணமன்று. சாப்பிட அழைக்கும் சொல் பிடிபடாத முதியவருக்கு, அடுப்பில் கடுகும் கறிவேப்பிலையும் பொரியும் வாசனை உணவுவேளையை உணர்த்தக்கூடும். செலவோ தீங்கோ இல்லாத அந்த வாய்ப்பை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. கேட்கவேண்டியது, யாருக்கு எந்த மணம் என்பதே. கற்பூரம் ஒருவருக்குக் கோயிலையும் மற்றவருக்கு இழவு வீட்டையும் கொணரலாம் என்பதால், குடும்பத்தாரிடம் விசாரித்தறிந்து, முகம் சுளித்தவுடன் அதை அகற்றும் கவனம் பராமரிப்பவருக்கு இருந்தே ஆகவேண்டும்.