ஈர வேட்டிக்குப் பின்னால் ஓர் ஆறு

'ரிவர் வ்யூ' என்று விளம்பரத்தில் இரண்டே வார்த்தை. அதற்குச் சதுர அடிக்கு ஐந்நூறு ரூபாய் ஜாஸ்தி.

நண்பனுக்கு லோன் கிடைத்துவிட்டது. "நீ பி.காம். ஆச்சேடா, கணக்குப் பார்த்துச் சொல்லு" என்று இழுத்துப் போனான். கோட்டூர்புரத்தில், அடையாற்றின் தென்கரையில் பழைய ஃப்ளாட். முதல் மாடி. 800 சதுர அடி.

டேப் வைத்து அளந்தேன். படிக்கட்டு, வராந்தா, வாட்ச்மேன் ஸ்டூல் போடும் இடம் எல்லாவற்றிலும் நம் பங்கைச் சேர்த்தால்தான் 800. பாய் விரிக்கக்கூடிய இடம் 560. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் கார்ப்பெட் ஏரியாவுக்கு இலக்கணம் சொல்கிறது: உள்சுவர் சேர்த்தி, வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. ஆக, ஆறு தெரிகிற பால்கனி அந்தக் கணக்கிலேயே இல்லை!

பால்கனி அகலம் மூன்றடி. நாற்காலி போட்டால் முழங்கால் கம்பியில் இடிக்கிறது. வீட்டுக்கார அம்மாள் கொடியில் கிடந்த ஈர வேட்டியை விலக்கி, "பாருங்கோ, ஆறு" என்றார். பார்த்தோம். ஆகாயத்தாமரை, நாலு கொக்கு. கூடவே வாசனை.

"கிரில் போட்டு அடைச்சுட்டா பையனுக்குப் படிக்க ரூம் ஆச்சு" என்றான் நண்பன்.

பெட்ரூம் ஜன்னல் வடக்குப் பார்த்தது. வெயில் அவ்வளவாக அடிக்காது. அது நிஜமான லாபம். ஆனால் இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் எப்போதும் பாதிதான் திறக்கும். அந்தப் பாதியிலும் கொசு வலை. ஆறு, கட்டம் போட்ட நோட்டில் வரைந்தது போலத் தெரிந்தது.

தவிர, நண்பன் பகலில் ஆபீஸ். ராத்திரியில் ஆறு தெரியாது. பகல் முழுக்க வீட்டில் இருப்பது அவன் அம்மா. அவர் நிற்கப் போகிற கிச்சன் ஜன்னலோ, கழிவுக் குழாய்கள் இறங்கும் சந்தைப் பார்க்கிறது. கிச்சனை ஆற்றுப் பக்கம் மாற்றலாம் என்றால், ஹாலுக்குக் குறுக்கே பைப்புக்குச் சாய்மானம் கொடுத்துத் தரையை உயர்த்த வேண்டும். கசிந்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவிலுள்ள சுவரை இடுப்பளவோடு நிறுத்தினால், அம்மா அடுப்பிலிருந்தே பால்கனி வழியாக ஆற்றைப் பார்க்கலாம். கட்டடத்தைத் தாங்குகிற சுவரா என்று எஞ்சினியரைக் கேட்காமல் மட்டும் கை வைக்கக்கூடாது.

கீழே இறங்கும்போது, பெயின்ட்டை மீறிச் சுவரில் ஒரு பழுப்புக் கோடு. என் உயரத்துக்கு மேலே இருந்தது.

"2015 டிசம்பர் சார்" என்றார் வாட்ச்மேன். "செம்பரம்பாக்கம் தொறந்தாங்கல்ல? விடியறதுக்குள்ள கீழ்வீடு பூரா தண்ணி. மேல இருந்த அம்மாவைப் போட்டுல ஏத்தினோம்."

"படிக்கட்டு?"

"அதான் முழுகிப்போச்சே. பால்கனி வழியாத்தான் எறக்கினோம்."

நண்பன் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். வேட்டி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"அப்போ கிரில் போட வேணாம்டா" என்றான்.