காது ஆபரேஷனில் தெறிக்கும் திவலைகள்: ஆபத்து யாருக்கு, தடுப்பது யார் பொறுப்பு?

காதுக்குப் பின்னால் விரலை வைத்தால் கெட்டியான ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் மாஸ்டாய்டு எலும்பு. வெளியேதான் கெட்டி, உள்ளே தேன்கூடு மாதிரி குட்டிக் குட்டிக் காற்று அறைகள். நாள்பட்ட காதுச் சீழ் இந்த அறைகளுக்குள் புகுந்து எலும்பை அரிக்க ஆரம்பித்துவிட்டால் மாத்திரையும் சொட்டு மருந்தும் போதாது. எலும்பை டிரில் செய்து சுத்தம் பண்ணியாக வேண்டும். பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தவும் இதே எலும்பைத்தான் துளைக்கிறார்கள்.

அந்த டிரில் சுற்றும்போது என்ன தெறிக்கிறது, அது யார் மூக்குக்குள் போகிறது? 2020-ல் கோவிட் வந்தபோது உலகம் முழுக்க டாக்டர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். கோவிட் பயம் அடங்கியதும் கேள்வியும் அடங்கிவிட்டது. அடங்கியிருக்கக் கூடாது.

தெறிப்பது என்ன?

டிரில் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றும். அந்தச் சூட்டில் எலும்பும், பக்கத்திலேயே ஓடும் முக நரம்பும் கெட்டுவிடாமல் இருக்க, சலைன் தண்ணீரை விட்டுக்கொண்டே துளைப்பார்கள். இன்னொரு கையில் உறிஞ்சு குழாய். அப்படி உறிஞ்சினாலும் சலைன், ரத்தம், சீழ், எலும்புத் தூள் எல்லாம் கலந்து சுற்றிலும் தெறிக்கத்தான் செய்யும்.

பெரிய துளிகள் டாக்டரின் முகத்திலும் கவுனிலும் தரையிலும் விழுந்துவிடும். அவற்றைத் துடைத்துவிடலாம். மிக நுண்ணிய திவலைகள் அப்படி விழாது. ஊதுபத்திப் புகை மாதிரி காற்றிலேயே மிதக்கும். டிரில் நின்ற பிறகும் அறையில் இருக்கும்.

துளி என்றால் கீழே விழும், நுண்திவலை என்றால் மிதக்கும் என்று ஒரு கோடு கிழித்துத்தான் பல காலம் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் கோடு சரியில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2024 ஏப்ரலில் தன் சொற்களை மாற்றிக்கொண்டது. பெரிதோ சிறிதோ எல்லாமே தொற்றைச் சுமக்கும் சுவாசத் துகள்கள்தான். அளவு மட்டும்தான் வேறு என்பது புதிய நிலைப்பாடு.

காதுக்குள் கிருமி எப்படி வரும்?

நடுக்காதும் மூக்கின் பின்பகுதியும் யூஸ்டேசியன் குழாய் என்ற சின்ன வழியால் இணைந்திருக்கின்றன. பஸ் மலை ஏறும்போது எச்சில் விழுங்கினால் காதடைப்பு விடுகிறதே, அந்த வழிதான். மூக்கில் இருக்கும் கிருமி காதுக்குள் போக இது போதும். அதனால்தான் சளி பிடித்த குழந்தைக்குக் காது வலிக்கிறது.

கோவிட் விஷயத்திலும் இது உறுதியானது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 2020 ஜூலையில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். கோவிட் தொற்றோடு இறந்த 3 பேரைப் பரிசோதித்ததில், 2 பேரின் காதுப் பகுதியில் வைரஸ் இருந்தது. மூன்றே பேர்தான் என்பதை மறக்கக் கூடாது. கிருமி இருப்பது வேறு, அது பரவி இன்னொருவருக்கு நோய் தருவது வேறு. அந்த ஆய்வு முதலாவதை மட்டும்தான் காட்டியது. ஆனால், காது ஆபரேஷனைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்ல அதுவே போதுமானதாக இருந்தது.

கோவிட் போச்சு, அப்புறம் என்ன?

டிபி போகவில்லை. உலகில் ஆண்டுதோறும் புதிதாக டிபி வருபவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். காதில் டிபி வருவது அபூர்வம்தான். ஆனால், வந்தால் சாதாரண காதுச் சீழ் மாதிரியே தெரியும். ஆபரேஷன் முடிந்து, எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகுதான் பல சமயம் டிபி என்றே தெரியவரும். அதற்குள் டிரில் ஓடி முடிந்திருக்கும்.

இதோடு ஹெபடைடிஸ் பி, எச்ஐவி போன்றவை ரத்தத் தெறிப்பு கண்ணில் பட்டாலே தொற்ற வாய்ப்புள்ளவை. ஆகவே முகத்தை மறைக்கும் ஷீல்டு அல்லது கண்ணாடி, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, என்95 மாஸ்க் ஆகிய மூன்றும் கோவிட் காலத்துச் சடங்குகள் அல்ல. சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் தெறிப்பைத் தடுக்கும். ஓரங்களில் இடைவெளி இருப்பதால் மிதக்கும் துகளைத் தடுக்காது.

ஆபத்தில் முன்வரிசையில் இருப்பவர் நோயாளி அல்ல. ஒரு சாண் தூரத்தில் குனிந்து வேலை செய்யும் டாக்டர், பக்கத்தில் கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ், மயக்க மருந்து டாக்டர். கடைசியாக ஒருவர் உண்டு: ஆபரேஷன் முடிந்த கையோடு வாளியும் மாப்பும் எடுத்துக்கொண்டு உள்ளே வரும் துப்புரவுப் பணியாளர். மற்றவர்கள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போகும் நேரத்தில் அவர் அந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்.

ஏசி ஓடினால் காற்று மாறுமா?

மாறாது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். வீட்டில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி, அறையில் இருக்கும் அதே காற்றைக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. வெளிக்காற்று வராது. ஆபரேஷன் தியேட்டரில் ஸ்பிளிட் ஏசியோ ஜன்னல் ஏசியோ கூடவே கூடாது என்று மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஎச் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. மணிக்கு குறைந்தது 20 முறை அறைக் காற்று மாற வேண்டும், அதில் 4 முறையாவது புதுக்காற்றாக இருக்க வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதல்தான்.

இந்த எண்ணிக்கைக்கு அர்த்தம் உண்டு. அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கணக்குப்படி, காற்று மணிக்கு 20 முறை மாறினால் மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் 14 நிமிடத்தில் போய்விடும். மணிக்கு 2 முறைதான் மாறுகிறது என்றால் 138 நிமிடம் ஆகும். அடுத்த நோயாளியை எப்போது உள்ளே கொண்டுவரலாம், மாப் எப்போது உள்ளே போகலாம் என்பதற்கு விடை இந்த எண்களில் இருக்கிறது.

தலத்தெருவில் இருப்பவருக்கு இதில் என்ன?

காரைக்காலின் தலத்தெருவில் ஒருவருக்குக் காதில் சீழ் வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் தமிழ்நாடு, சொந்த நிர்வாகமோ 130 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில். அரசு மருத்துவமனையா, பக்கத்து நர்சிங் ஹோமா, நாகப்பட்டினமா, திருவாரூரா, புதுச்சேரி ஜிப்மரா என்று வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எவ்வளவு செலவு, எத்தனை நாள் லீவு என்று விசாரிப்பார்கள். தியேட்டரில் காற்று எப்படி மாறுகிறது என்று யாரும் விசாரிப்பதில்லை.

விசாரிக்கலாம், தப்பில்லை. ஆனால், அதை நோயாளியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் இல்லை. டிரில் வாங்குகிற மருத்துவமனை, காற்றோட்டத்துக்கும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். உரிமம் தருகிற சுகாதாரத் துறை, படுக்கைகளை எண்ணுவதோடு நிற்காமல் தியேட்டரின் காற்றையும் அளக்க வேண்டும். கடலோர உப்புக்காற்றில் மெஷின்கள் சீக்கிரம் துருப்பிடிக்கும் ஊர்களில், ஒருமுறை மாட்டிவிட்டு மறந்துவிட முடியாது; பராமரிப்பும் அந்தச் செலவில் சேர்த்தி.

எல்லாமே லட்சங்களில் முடிகிற விஷயமும் இல்லை. மைக்ராஸ்கோப்பிலிருந்து பிளாஸ்டிக் ஷீட்டைக் கூடாரம் மாதிரி தொங்கவிட்டு, அதற்குள் டிரில் செய்து தெறிப்பைக் குறைக்கும் முறையைக் கோவிட் காலத்தில் பல நாட்டு டாக்டர்கள் சோதித்தார்கள். கூடுதலாக ஓர் உறிஞ்சு குழாய் வைக்கலாம். நோய் சிறிய அளவில் இருந்தால் டிரில் இல்லாமல் எண்டோஸ்கோப் மூலமே முடிக்கவும் வாய்ப்பு உண்டு. துப்புரவுப் பணியாளருக்கும் ஒரு என்95 கொடுப்பதற்குக் கமிட்டி கூட வேண்டியதில்லை.

ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கூடாது. எலும்பை அரிக்கும் காது நோயை அப்படியே விட்டால் வாய் ஒரு பக்கமாகக் கோணலாம், மூளைக்காய்ச்சல் வரலாம், மூளையில் சீழ் கட்டலாம். காக்ளியர் இம்ப்ளான்ட் தாமதமானால், பேச்சு பழக வேண்டிய வயது குழந்தைக்குத் திரும்பக் கிடைக்காது. 2020-ல் பிரிட்டன் உட்படப் பல நாடுகளில் அவசரமில்லாத மாஸ்டாய்டு ஆபரேஷன்களை நிறுத்தி வைத்தார்கள். தெரியாத ஒரு வைரஸின் முன்னால் அது சரியான முடிவு. இன்று தடுக்கும் வழி தெரியும்.

நோயாளியின் பங்கு சின்னது, ஆனால் முக்கியமானது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காய்ச்சல், எடை குறைவு, வீட்டில் யாருக்காவது டிபி, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுடுவாங்களோ" என்று மறைப்பதால், ஆபத்து தியேட்டருக்குள் இருக்கும் அத்தனை பேருக்கும்தான். மிச்சம் எல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு.