தெருவே சேர்ந்தால்தான் தெள்ளு ஒழியும்



மழை விட்டதிலிருந்து பல வீடுகளில் ஒரே புகார். வாசலில் கோலம் போட உட்கார்ந்தால் கணுக்காலில் சுருக்கென்று கடிக்கிறது. பிள்ளைகளின் காலெல்லாம் சிவப்புத் தடிப்பு. நாய் வளர்ப்பவர்களோடு வாய்ச்சண்டையும் தொடங்கிவிட்டது. நாய்களைத் துரத்திவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆகாது. நாய் போனாலும் மண்ணில் கிடக்கும் தெள்ளு போகாது. பசியோடு நம் காலைத்தான் தேடி வரும்.

நாயின் மேல் ஊர்வது மொத்தத் தெள்ளில் நூற்றுக்கு ஐந்து பங்குதான். மீதியெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரையில் இருக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40 முட்டை வரை இடும். நாய் உடம்பை உதறும்போது அவை உதிர்ந்துவிடும். புழுவுக்கு வெயில் ஆகாது. நிழலான ஈர மண்ணிலும் சருகுக்கு அடியிலும் பதுங்கி வளரும். பிறகு கூடு கட்டும். அந்தக் கூட்டுக்குள் பூச்சிமருந்து எளிதில் இறங்காது. காலடி அதிர்வோ உடல் சூடோ படும்வரை மாதக்கணக்கில்கூட உள்ளே காத்திருக்கும். மருந்தடித்த சில வாரங்களில் மறுபடி கடி விழுவது இதனால்தான். ஒரு வீட்டார் மட்டும் பாடுபட்டால், மதில் தாண்டி வரும் பூனையும் தெருநாயும் மறுபடி கொண்டுவந்து கொட்டிவிடும்.

அதனால் எல்லா வீட்டாரும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

1. முதலில் சோதித்துப் பாருங்கள். நாயின் வால் அடியில் ரோமத்தைச் சீவி, சீப்பில் வரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு. நாயின் ரத்தம்தான் அது. தோட்டத்துக்கும் ஒரு வழி உண்டு. முழங்கால் வரை வெள்ளைச் சாக்ஸ் மாட்டிக்கொண்டு நாய் படுக்கும் இடங்களில் நடந்தால், இருக்கிற தெள்ளு தாவி ஒட்டிக்கொள்ளும்.

2. வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைக்கும் கால்நடை மருத்துவரைக் கேட்டு, எடைக்கு ஏற்ற மாத்திரையோ பிடரியில் விடும் சொட்டு மருந்தோ கொடுங்கள். குறைந்தது மூன்று மாதம் இடைவிடாமல் தொடர வேண்டும். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. மண்ணெண்ணெய், பினாயில், வயலுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லி எதையும் நாயின் மேல் தடவாதீர்கள்.

3. தோட்டம் முழுக்க மருந்தடிக்கத் தேவையில்லை. நாய் படுக்கும் நிழலில்தான் வேலை: படிக்கட்டுக்கு அடி, கார் நிறுத்துமிடம், செடி மறைவு, தண்ணீர்த் தொட்டி ஓரம். சருகை வாரி, புதரைக் கழித்து, வெயில் இறங்க விடுங்கள். பழைய சாக்குகளை அப்புறப்படுத்துங்கள். நாயின் படுக்கைத் துணியை வாரந்தோறும் வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் உலர்த்துங்கள். அதன் பிறகும் தேவைப்பட்டால், புழு வளர்ச்சியைத் தடுக்கும் பைரிபுராக்சிஃபென் போன்ற மருந்தை முறையாக அடிக்கச் சொல்லுங்கள். காயும்வரை குழந்தைகளும் பிராணிகளும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

4. தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்களின் உதவி இல்லாமல் இது நடக்காது. அவை நம்பிப் பக்கத்தில் வருவது உங்களிடம்தான். மருத்துவர் சொல்லும் மாத்திரையைச் சோற்றில் பிசைந்து நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நாய்களை அடிப்பதும் விஷம் வைப்பதும் குற்றம் என்பதையும் எல்லோருக்கும் நினைவூட்டுகிறோம்.

இதை வெறும் அரிப்புத் தொல்லையென்று விட்டுவிட முடியாது. தெள்ளின் வழியாக நாய்க்கு நாடாப்புழு வரும். தெள்ளைத் தவறி விழுங்கும் சிறு குழந்தைக்கும் வரலாம். நாய் வளர்ப்பவர்கள் மருந்துப் பொறுப்பை ஏற்கட்டும். நாய் இல்லாத வீட்டார் தங்கள் வீட்டுப் பக்கத்துச் சருகையும் புதரையும் அகற்றட்டும்.

வரும் ஞாயிறு காலை எல்லோரும் துடைப்பமும் மண்வெட்டியுமாகத் தெருவுக்கு வாருங்கள். நாய்களுக்கு மருந்தையும் அன்றே தொடங்கிவிடுவோம். மருந்துச் செலவு கட்டுப்படியாகாதவர்கள் தயங்காமல் சங்கத்தில் சொல்லுங்கள். பொது நிதியிலிருந்து தருகிறோம். முதல் மாதத்தில் கடி முழுவதும் நிற்காது. கூட்டிலிருந்து புதிதாக வருபவை இருக்கும். அதைப் பார்த்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்தினர்